மரம் நிற்கிறது, ஓடையும் ஓடுகிறது, தவளை மட்டும் ஏன் குறைகிறது?

ஐந்து ஹெக்டேர் அளவுள்ள ஒரு காட்டுத் துண்டு. மரம் ஒன்றுகூட வெட்டப்படவில்லை. ஓடையில் தண்ணீர் ஓடுகிறது. பக்கத்து வானிலை நிலையத்தின் பதிவில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. தீப்பிடித்துவிடுமோ என்ற பயத்தில் தரையில் கிடந்த சருகையும் விழுந்த கட்டைகளையும் அப்புறப்படுத்தி, புதரையும் வெட்டிச் ‘சுத்தம்’ செய்தீர்கள். அதற்குப் பின் வந்த இரண்டு மழைக்காலங்களில் தவளைச் சத்தம் தேய்ந்துபோயிருக்கிறது. ஒரு குளம் வெட்டினால் அவை திரும்புமா என்று கேட்கிறீர்கள். கேள்வி குளத்தைப் பற்றியதாகத் தெரிந்தாலும் அதற்கு அடியில் இருப்பது வேறு கேள்வி: காடு அப்படியே நிற்கும்போது தவளைக்கு மட்டும் எது போய்விட்டது? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், தரையை ஒட்டிய ஒரு சாண் உயரக் காற்றின் ஈரம்தான் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் குளம் அதைத் திருப்பித் தராது. ஏன் என்பதையும், அதை எப்படிச் சோதிப்பது என்பதையும், எந்த இடத்தில் என் ஊகம் தவறிப்போகலாம் என்பதையும் சொல்கிறேன்.

வானிலை நிலையத்திலிருந்து தொடங்குவோம். அதன் வெப்பமானி திறந்த வெளியில், நிழற்கூண்டுக்குள், தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் நெறிமுறை. மரத்தின் நிழலும் அந்த இடத்துக்கே உரிய ஈரமும் கணக்கில் கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைக்கிறார்கள். இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு காட்டுத் தவளை வாழ்வதோ அந்த நிழலுக்கும் ஈரத்துக்கும் உள்ளேதான். ஆகவே நிலையத்தின் பதிவு மாறவில்லை என்பதால் தவளையின் வானிலை மாறவில்லை என்று ஆகாது. ஐந்து கண்டங்களில் 98 இடங்களின் அளவீடுகளைத் திரட்டி 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, மரக்கவிகைக்கு, அதாவது மர உச்சிகளின் கிளையும் இலையும் சேர்ந்த கூரைக்கு, அடியில் பகலின் உச்ச வெப்பம் வெளியைவிடச் சராசரியாக 4.1 டிகிரி செல்சியஸ் குறைவாகவும், இரவின் குறைந்த வெப்பம் 1.1 டிகிரி கூடுதலாகவும் இருப்பதைக் காட்டியது. நுண்காலநிலை என்று சொல்வது இதைத்தான். கவிகைக்கு அடியிலும் அது ஒரே சீராக இருப்பதில்லை. சருகுக்கு மேல் ஒன்று, சருகுக்கு அடியில் ஒன்று, மட்கிய கட்டைக்குள் ஒன்று, மரப்பொந்துக்குள் ஒன்று என்று அடுக்கடுக்காக இருக்கும். பிலிப்பைன்ஸ் மழைக்காட்டில் செய்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மண், மரப்பொந்து, மரத்தில் தொற்றி வளரும் பெரணி போன்ற சிற்றிடங்கள் சராசரி வெப்பத்தை ஒன்றிரண்டு டிகிரிதான் குறைத்தன. ஆனால் தாங்கமுடியாத வெப்பம் நீடிக்கும் நேரத்தை 14 முதல் 31 மடங்கு சுருக்கின. தவளைக்கு முக்கியம் இரண்டாவது எண்தான்.

தவளையின் தோல் நமது தோல் போன்றதல்ல. பெரும்பாலான தவளைகளின் தோல், அதே பரப்புள்ள திறந்த தண்ணீர் எவ்வளவு வேகத்தில் ஆவியாகுமோ ஏறக்குறைய அதே வேகத்தில் நீரை இழக்கும். உடலில் மெழுகு பூசிக்கொள்ளும் ஃபைலோமெடூசா, ஆப்பிரிக்காவின் கைரோமாண்டிஸ் போன்ற சில மரத்தவளைகள்தான் விதிவிலக்கு. தவளையின் வாலுள்ள உறவினமான சலமாண்டர்களில், நுரையீரலே இல்லாதவை ஒரு பெரிய குடும்பமாக உள்ளன. அவை தோலாலும் வாய்க்குள் உள்ள சவ்வாலும் மட்டுமே மூச்சுவிடுவதால் தோல் காய்ந்தால் மூச்சே நின்றுவிடும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையிலும் உள்ள மெல்லிய தோலை ஈரமண்ணில் ஒட்டி உட்கார்ந்து உறிஞ்சிக்கொள்ளும். ஈரமான சருகும் மண்ணும் அதற்குக் குடிதண்ணீர்ப் பானை போல. உடல் எடையில் 30 முதல் 40 சதவீதம் நீர் போனால் பெரும்பாலான இனங்கள் செத்துவிடும். அதற்கு வெகு முன்பே தாவும் வலிமை குறைந்து இரையும் கிடைக்காது, எதிரியிடமிருந்து தப்பவும் முடியாது. இதில் குஞ்சுகளின் பாடு இன்னும் மோசம். உடல் நீளம் பாதியானால் எடைக்கு ஏற்ற தோல் பரப்பு இரண்டு மடங்காகும். வால் உதிர்த்து அப்போதுதான் கரையேறிய, விரல் நகத்தளவு குஞ்சு, தாய்த்தவளை ஓர் இரவு முழுக்கத் தாக்குப்பிடிக்கும் இடத்தில் ஓரிரு மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம்.

இங்கே பலர் சறுக்கும் ஓர் இடம் உண்டு. ‘ஈரப்பதம் 70 சதவீதம் இருக்கிறதே, போதாதா?’ என்று கேட்பார்கள். தோலிலிருந்து நீரை இழுப்பது சதவீதம் அல்ல, காற்று இன்னும் எவ்வளவு ஆவியை ஏற்கும் என்ற இடைவெளி. இதை ஆவியழுத்தப் பற்றாக்குறை என்பார்கள். 24 டிகிரி வெப்பத்தில் 95 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பற்றாக்குறை சுமார் 0.15 கிலோபாஸ்கல். அதே காற்றிலிருந்து ஒரு துளி நீரைக்கூட எடுக்காமல் 29 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் தானாக 71 சதவீதத்துக்கு இறங்கும், பற்றாக்குறை 1.17 கிலோபாஸ்கலுக்கு ஏறும். ஏறக்குறைய எட்டு மடங்கு. மழையும் குறையவில்லை, ஓடையும் வற்றவில்லை, ஐந்து டிகிரி சூடு மட்டும் சேர்ந்தது. தரையில் வெயில் பொட்டுப்பொட்டாக விழ ஆரம்பித்தால் இந்த ஐந்து டிகிரி எளிதில் ஏறிவிடும். கூடவே காற்றும் வீசினால் தோலை ஒட்டிய ஈரக் காற்றுப்படலம் கலைந்து இழப்பு இன்னும் கூடும்.

இந்த ஏற்பாட்டை யார் பராமரிக்கிறார்கள் என்று பார்த்தால், உச்சியில் கவிகை. அடர்ந்த மழைக்காட்டில் மேலே விழும் வெளிச்சத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான் தரையைத் தொடும். பகலில் கவிகை சூடாகவும் தரை குளிராகவும் இருப்பதால், கனமான குளிர்காற்று கீழேயே தங்கிவிடும், மேல்கீழாகக் கலக்காது. அடுத்து புதரும் இளமரங்களும். இவற்றின் பெரிய வேலை நிழல் அல்ல, பக்கவாட்டுக் காற்றைத் தடுப்பது. பிறகு சருகு. அது தரைமண்ணிலிருந்து எழும் ஆவியைப் பிடித்து வைக்கும் போர்வை. கடைசியாக விழுமரம். நன்றாக மட்கிய தடித்த கட்டை, கடற்பஞ்சு போல மழைநீரைக் குடித்து வாரக்கணக்கில் வைத்திருக்கும். அதன் கனத்தால் மதிய வெப்பமும் உள்ளே மெதுவாகத்தான் ஏறும். நீங்கள் முதல் அடுக்கை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் எடுத்திருக்கிறீர்கள். மேலிருந்து பார்த்தால் காடு, கீழே ஒரு முற்றம்.

எல்லாத் தவளைகளும் இதனால் ஒரே அளவு பாதிக்கப்படாது. எது எங்கே முட்டையிடுகிறது என்பதுதான் பெரிய வேறுபாடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ராவோர்செஸ்டஸ் புதர்த்தவளைகள், இலங்கையின் சூடோஃபிலாட்டஸ், அமெரிக்க வெப்பமண்டலத்தின் பிரிஸ்டிமாண்டிஸ், எலூத்தரோடாக்டைலஸ் ஆகியவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் தண்ணீரில் இல்லை. முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாக வெளிவரும். முட்டைகளைப் பெரும்பாலும் சருகுக்கு அடியிலோ மண்குழியிலோ இலைமேலோ இடும். கோழிமுட்டைக்கு இருப்பது போன்ற ஓடு தவளை முட்டைக்குக் கிடையாது, சுற்றிலும் வெறும் கூழ்தான். இடைவிடாமல் பல வாரங்கள் ஈரம் வேண்டும். கண்ணாடித் தவளைகள் ஓடைக்கு மேல் தொங்கும் இலைகளில் முட்டையிட, தலைப்பிரட்டைகள் கீழே நீரில் விழும். ஓடை எவ்வளவு நிறைந்து ஓடினாலும் கரையோரப் புதர் போனால் முட்டை வைக்க இடம் போய்விட்டது. இதற்கு மாறாக, திறந்த நீர்நிலையில் முட்டையிடும் தேரைகளுக்கும் சமவெளித் தவளைகளுக்கும் நீங்கள் செய்த சுத்தம் பெரிய நட்டமில்லை. அதனால்தான் ‘தவளை குறைந்தது’ என்பதைவிட, எந்தக் குரல் குறைந்தது, எது கூடியது என்று குறிப்பது அதிகம் பயன்படும். சருகில் வாழும் இனங்கள் அடங்கி, வெளிநிலத் தேரைகள் உள்ளே நுழைந்திருந்தால் நான் சொல்லும் காரணம் வலுக்கும். எல்லா இனமும் ஒரேயடியாகக் குறைந்திருந்தால் நோயையோ பூச்சிமருந்தையோ முதலில் சந்தேகிப்பேன்.

சருகுக்கும் தவளை எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு உறுதியானது? தோல், ஆவி, வெப்பம் பற்றிச் சொன்னது இயற்பியலும் உடலியலும். அதில் சந்தேகம் இல்லை. சருகுப் போர்வையை நீக்கினால் மண்ணின் மேற்பரப்பு சூடாகும், காயும் என்பதும் அப்படியே. ஆனால் அதனாலேயே இத்தனை தவளை குறைந்தது என்று ஒரு குறிப்பிட்ட காட்டில் நிறுவுவது கடினம். கோஸ்டா ரிகாவின் லா செல்வா ஆய்வு நிலையத்தில், பாதுகாக்கப்பட்ட முதிர்ந்த காட்டில், 1970 முதல் 35 ஆண்டுகளில் சருகுவாழ் நீர்நிலவாழ்வனவும் பல்லிகளும் சுமார் 75 சதவீதம் குறைந்ததாக 2007-ல் தெரிவித்தார்கள். தவளையைத் தாக்கும் பூஞ்சை பல்லியைத் தொடாது. இரண்டும் சேர்ந்து குறைந்ததால், தட்பவெப்ப மாற்றத்தால் சருகின் அளவு குறைந்திருக்கலாம் என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம். நல்ல விளக்கம்தான், ஆனால் விளக்கம் மட்டுமே. சருகை நேரடியாகக் கூட்டியும் குறைத்தும் பார்த்த சோதனை அல்ல அது. அதே குழப்பம் அதே நாட்டின் மோன்டெவெர்டே மலைக்காட்டில் வாழ்ந்த பொன்தேரை விஷயத்திலும் உண்டு. 1987-ல் ஆயிரத்துக்கும் மேல் தெரிந்த தேரை, 1989-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. மேகங்கள் படியும் உயரம் மேலேறிக் காடு காய்ந்ததுதான் காரணம் என்று முதலில் வலுவாக வாதாடினார்கள். பிறகு தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையைச் சொன்னார்கள். அந்த ஆண்டுகளின் வறட்சி எல் நினோவால் வந்தது, நீண்டகாலப் போக்கு அல்ல என்று 2010-ல், மரத்தண்டில் பதிந்த ஆக்சிஜன் ஐசோடோப்புகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று மறுத்தது. வறட்சியும் நோயும் ஒன்றாக வந்தால் எது கொன்றது என்று பிரித்துச் சொல்வது இவ்வளவு சிரமம். உங்கள் ஐந்து ஹெக்டேருக்கும் இது பொருந்தும்.

இன்னொரு சங்கடத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். குறைந்தது தவளையா, தவளைச் சத்தமா? தரை காய்ந்தால் தவளை வெளியே வராது, கூப்பிடாது. மண்ணுக்குள் இருந்தபடியே இருக்கும். அமெரிக்காவின் தெற்கு அப்பலாச்சியன் மலைகளில் மரம் வெட்டிய இடங்களில் சலமாண்டர்கள் காணாமல்போனபோது, செத்தனவா, மண்ணுக்குள் இறங்கினவா, பக்கத்துக் காட்டுக்கு நகர்ந்தனவா என்று 1990-களில் பெரிய சர்ச்சையே நடந்தது. அதனால் ஒரே ஒரு இரவு போய் எண்ணிவிட்டு முடிவு செய்யாதீர்கள். இருபது மீட்டருக்கு இருபது மீட்டர் அளவில் ஆறு முதல் எட்டுச் சதுரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், சுத்தம் செய்த பகுதியில் பாதி, தொடாத பகுதியில் பாதி. ஒவ்வொன்றையும் ஒரே பருவத்தில் நான்கு முறையாவது பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு பேர், அதே அரை மணி நேரம், இருட்டி ஒரு மணி நேரத்துக்குப் பிறகு. கடைசியாக மழை பெய்து எத்தனை மணி நேரம் ஆயிற்று, தரையில் என்ன வெப்பம் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். மழைக்கு மறுநாள் ஒரு சதுரத்தையும், நான்கு நாள் வெயிலுக்குப் பின் மற்றதையும் பார்த்து ஒப்பிட்டால் நீங்கள் எண்ணுவது மழையைத்தான். ஒலிப்பதிவுக் கருவி இருந்தால் இரவு முழுக்கப் பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் பதிவு செய்ய விடுங்கள். மனிதக் காதைவிட அது நேர்மையானது, சோர்ந்துபோகாது. கட்டைகளைப் புரட்டித் தேடுவதை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். புரட்டிய கட்டை பழையபடி மண்ணோடு ஒட்டாது, அடியில் தேங்கியிருந்த ஈரம் போய்விடும்.

நுண்காலநிலையை அளப்பது செலவான வேலை இல்லை, ஆனால் தப்பாக அளப்பது மிகச் சுலபம். வெப்பத்தையும் ஈரத்தையும் தானே பதியும் சிறிய டேட்டா லாகர்கள் போதும். ஒரே இடத்தில் மூன்று: ஒன்று சருகுக்கு அடியில் மண்ணைத் தொட்டபடி, ஒன்று தரையிலிருந்து பத்து சென்டிமீட்டரில், ஒன்று ஒன்றரை மீட்டரில். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு. காட்டுக்குக் கொண்டுபோகும் முன் எல்லாவற்றையும் ஒரே மூடிய பெட்டிக்குள் 24 மணி நேரம் வைத்து, ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று குறித்து, அதைப் பின்னால் கழித்துக்கொள்ள வேண்டும். அரை டிகிரி வேறுபாடு கருவியுடையதாகவே இருக்கலாம். வெயில்பொட்டு சென்சார் மேல் நேராக விழுந்தால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாது, தன்னுடைய வெப்பத்தைக் காட்டும். இடைவெளி விட்டு அடுக்கிய இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகள் மேலே கூரையாக இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். ஈரப்பதச் சென்சார்களுக்கு 95 சதவீதத்துக்கு மேல் நம்பகம் குறைவு. ஒருமுறை பனித்துளி படிந்துவிட்டால் மணிக்கணக்கில் 100 என்றே காட்டிக்கொண்டிருக்கும். பதிவுகள் கைக்கு வந்ததும் சராசரியைப் பார்க்காதீர்கள். தவளையைக் கொல்வது சராசரி அல்ல, பிற்பகல் இரண்டு மூன்று மணி. தினசரி உச்ச வெப்பம் எவ்வளவு, பற்றாக்குறை அரை கிலோபாஸ்கலைத் தாண்டிய மணி நேரங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். அரை என்பது ஒப்பிட வசதியான ஒரு கோடு, எல்லா இனத்துக்கும் பொதுவான சாவுக்கோடு அல்ல.

கருவி பொய் சொல்லும் ஈரமான இடங்களுக்கு ஒரு பழைய, எளிய வழி இருக்கிறது: அகர் தவளை. நூறு மில்லி தண்ணீரில் நான்கு கிராம் அகர் போட்டுக் கொதிக்க வைத்து, தவளை அளவிலான அச்சில் ஊற்றி உறையவிடுங்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்க வேண்டும், ஏனென்றால் அளவு மாறினால் காயும் வேகமும் மாறும். பயன்படுத்தும்வரை தண்ணீரில் போட்டு வையுங்கள். வெளியே எடுத்து மேலுள்ள நீரை ஒற்றி, 0.01 கிராம் காட்டும் தராசில் எடை போட்டு, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் வலைமேல் வைத்து உரிய இடத்தில் விடுங்கள். வலை இல்லாவிட்டால் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சிக் கணக்கைக் குழப்பும். எறும்பும் எலியும் தின்றுவிடாமல் இருக்க மேலே கம்பிவலைக் கூடு. பகலில் இரண்டு மணி நேரம், இரவில் மாலை முதல் விடியல்வரை என்று தனித்தனியாக வைத்து மீண்டும் எடை போடுங்கள். அகர் பொம்மைக்குத் தோலின் தடுப்பு இல்லை என்பதால் பெரும்பாலான தவளைகளுக்கு அது நியாயமான பதிலி. ஆனால் நிஜத் தவளை குறுக்கி உட்காரும், இடம் மாறும், மண்ணிலிருந்து நீர் எடுக்கும். ஆகவே இது இடத்தை அளக்கும் கருவிதான், தவளையின் சாவை முன்னறிவிப்பது அல்ல. எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனபின் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். அதற்குப் பிந்திய எண்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சுத்தம் செய்த தரை, செய்யாத தரை, கட்டைக்கு அடி என்று மூன்று இடங்களில் தலா ஐந்து பொம்மை வைத்தால், ஒரு வாரத்தில் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்தது விளிம்பு. ஐந்து ஹெக்டேர் என்பது கேட்க நிறையத் தெரியும். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 224 மீட்டர். வெளிக்காற்றின் சூடும் வறட்சியும் ஐம்பது மீட்டர் உள்ளே வருகிறது என்று வைத்தால், தொடப்படாத உள்காடு 124 மீட்டர் சதுரம், அதாவது ஒன்றரை ஹெக்டேர். அதே ஐந்து ஹெக்டேர் ஐம்பது மீட்டர் அகலமும் ஒரு கிலோமீட்டர் நீளமுமாக ஓடையோரம் நீண்டு கிடந்தால் உள்காடு என்று ஒன்றே கிடையாது, முழுக்க விளிம்புதான். இந்த ஐம்பது மீட்டர் ஒரு மாறாத எண் அல்ல. பிரேசிலின் மனாவுஸ் அருகே 1979-ல் தொடங்கிய காட்டுத்துண்டு ஆய்வில், காற்றின் வறட்சி சுமார் அறுபது மீட்டர்வரை உள்ளே தெரிந்தது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் முதிர்ந்த டக்ளஸ் ஃபிர் காடுகளில் ஈரப்பத மாற்றம் இருநூறு மீட்டரையும் தாண்டியது. உங்கள் இடத்தில் எவ்வளவு என்பதை லாகர்களை விளிம்பிலிருந்து 0, 10, 25, 50, 100 மீட்டரில் ஒரே நேர்கோட்டில் வைத்துத்தான் அறிய முடியும். புதரை வெட்டியதால் காற்று இப்போது முன்பைவிட ஆழமாக நுழைகிறது என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

செய்ய வேண்டியதில் முதலாவது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. சருகை அள்ளுவதை நிறுத்துங்கள். பல வெப்பமண்டல மழைக்காடுகளில் ஆண்டுக்கு ஹெக்டேருக்குப் பத்து டன் அளவில் சருகு விழுகிறது, எனவே போர்வை ஒன்றிரண்டு ஆண்டுகளில் தானாகவே சேர்ந்துவிடும். வேறு இடத்திலிருந்து சருகு கொண்டுவந்து கொட்டுகிற யோசனை அடிக்கடி வரும், அது வேண்டாம். அதோடு அயல் எறும்பும் களைவிதையும் நோய்க்கிருமியும் வந்துசேரும். கட்டைகளின் கதை வேறு. தடித்த மரம் விழுந்து மட்குவதற்குப் பல ஆண்டுகள் ஆகும், அப்புறப்படுத்தியது ஓரமாகக் குவிந்து கிடந்தால் திருப்பிக் கொண்டுவாருங்கள். 25 முதல் 30 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறையாமல், ஒரு மீட்டருக்கு மேல் நீளமாக இருக்க வேண்டும். மெல்லிய கொம்புகள் மழை நின்ற மறுநாளே காய்ந்துவிடும், அவற்றால் பயன் குறைவு. மண்ணில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பள்ளம் தோண்டிப் பதித்து வையுங்கள். அடியில் காற்று போனால் அது நிழல் தரும் பலகை மட்டுமே, ஈரக்கிடங்கு ஆகாது. சரிவில் குறுக்குவாட்டில் வைத்தால் வழிந்தோடும் நீரும் சருகும் மேற்பக்கம் தங்கும், தவளைகளும் அந்தப் பக்கத்தையே நாடும். பட்டையை உரிக்காதீர்கள். எத்தனை கட்டை என்று கேட்டால், ஹெக்டேருக்கு இருபது முப்பது என்று தொடங்கிப் பாருங்கள் என்பேன். இது என் மதிப்பீடு, சூத்திரம் அல்ல. ஓடைக்கும் உள்காட்டுக்கும் இடையே பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒன்றாக வருமாறு பரப்பினால், குஞ்சுகள் ஒரே இரவில் அடுத்த ஒதுக்கிடத்தை எட்ட முடியும். விளிம்பில் அந்தக் காட்டுக்கே உரிய புதர்களை நெருக்கமாக, தரைமட்டத்திலிருந்தே கிளைக்கும் வகையில் வளரவிடுங்கள். காட்டுக்குப் பக்கச்சுவர் அதுதான்.

உங்கள் தீ பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் தீயைப் பரப்புவது காய்ந்த சருகு, புல், சுள்ளி போன்ற மெல்லிய எரிபொருள்தான். மண்ணில் பதிந்து நீர் ஊறிய முப்பது சென்டிமீட்டர் கட்டை எளிதில் பற்றாது. காட்டுக்கு வெளியே, விளிம்பைச் சுற்றி ஐந்து முதல் பத்து மீட்டர் அகலத்தில் புல்லையும் சுள்ளியையும் நீக்கிய ஒரு வளையம் வைத்துக்கொண்டு உள்ளே கைவைக்காமல் இருப்பதே சரியான பேரம். உள்ளே புதரை வெட்டி வெயிலையும் காற்றையும் விட்டால் தரை காய்ந்து, தீ அபாயமே கூடவும் வாய்ப்பிருக்கிறது. தெளிப்பான் போட்டு நனைக்கலாமா என்றால், ஒரு மணி நேர ஈரத்தை ஒரு மணி நேரக் காற்று கொண்டுபோய்விடும். குளோரின் கலந்த நீரானால் தோலுக்கும் முட்டைக்கும் கேடு.

ஒரு முரணையும் மறைக்கக் கூடாது. தவளைக்குப் பிடித்த குளிரும் ஈரமும் கைட்ரிட் பூஞ்சைக்கும் பிடிக்கும். 1999-ல் பெயரிடப்பட்ட இந்தப் பூஞ்சை 17 முதல் 25 டிகிரிக்குள் செழிக்கும், 28-க்கு மேல் தளரும். சலமாண்டர்களைத் தாக்கும் அதன் உறவினம் 2013-ல் விவரிக்கப்பட்டது. அதற்கு 10 முதல் 15 டிகிரியே போதும். ஆஸ்திரேலியாவில் சூறாவளி கவிகையைக் கிழித்த ஓடைகளில் மழைக்காட்டுத் தவளைகளிடம் தொற்றின் அபாயம் குறைந்ததாக 2015-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டுகிறது. ஓட்டைச் செங்கல்லை வெயிலில் சூடாகும் சிறு கூடாரத்துக்குள் வைத்தால் பச்சைப் பொன் மணித்தவளை அதில் புகுந்து தொற்றைக் குறைத்துக்கொள்கிறது என்பதும் 2024-ல் தெரியவந்தது. இதைப் படித்துவிட்டு மரக்கிளையை வெட்டக் கிளம்பிவிடாதீர்கள். மணித்தவளை வெயில் காயும் குளத்துத் தவளை. சருகுக்குள் முட்டையிடும் இனத்துக்கு அதே சூடு முட்டையையே காயவைத்துவிடும். வேண்டியது ஒரே சீரான இருட்டு அல்ல, சில மீட்டருக்குள் குளிர்ந்த இடமும் கொஞ்சம் வெதுவெதுப்பான இடமும் தவளை தேர்ந்தெடுக்கக் கிடைப்பது. இயல்பாக ஒரு பெரிய மரம் விழுந்து உண்டாகும் இடைவெளி அதைக் கொடுத்துவிடும். உங்களால் ஆகக்கூடியது கிருமியை உள்ளே சுமந்து வராமல் இருப்பது. இன்னொரு ஈரமான இடத்துக்குப் போய்வந்த காலணியைச் சேறு போகத் தேய்த்துக் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலில் ஒரு நிமிடம் நனைத்து, ஈரமே இல்லாமல் காயவிட்டுப் பிறகு நுழையுங்கள். தவளையைக் கையில் எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் புதுக் கையுறை. செத்த தவளைகள் கண்ணில் பட்டால் நான் மேலே எழுதியதையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதலில் தோல் மாதிரி எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். தொற்று உண்டா என்று பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது, ஆய்வகத்தால்தான் முடியும்.

இப்போது குளம். குறைந்தது நேரடியாகக் குட்டித் தவளையாகப் பிறக்கும் இனமானால் குளம் அதற்கு ஒன்றும் செய்யாது. காட்டுக்குள் தோண்ட மரத்தையோ புதரையோ அகற்ற வேண்டியிருந்தால் நிலைமையை இன்னும் கெடுக்கும். வெயில் படும் குளம் வெளிநிலத் தேரைகளையும் நீர்ப்பாம்பையும் கூட்டிவரும், யாராவது ஒருவர் மீனும் விட்டுவிடுவார். மீன் வந்தால் முட்டையும் தலைப்பிரட்டையும் மிஞ்சாது. மாறாக, தேங்கிய நீரில் முட்டையிடும் காட்டு இனம் உங்களிடம் இருந்து, அதன் பழைய பள்ளங்கள் தூர்ந்திருந்தால் குளம் பயன்படும். அப்போதும் அரை நிழலில், காட்டை ஒட்டி, கரை ஒரு மீட்டர் இறங்க ஐந்து மீட்டர் நீளம் என்ற அளவிலோ அதைவிடத் தட்டையாகவோ சரிந்து, ஆண்டுக்கொருமுறை வற்றுவதாக இருக்க வேண்டும். வற்றினால்தான் மீன் நிலைக்காது. தலைப்பிரட்டை கரையேறும்வரை நீர் நிற்க வேண்டும் என்பதால், அந்த இனத்துக்கு எத்தனை வாரம் வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஆழத்தை முடிவு செய்யுங்கள். நீர்நிலையிலிருந்து தவளைகள் வெகுதூரம் நிலத்துக்குள் போய் வாழ்கின்றன. பல இனங்களைத் தொகுத்து 2003-ல் கணக்கிட்டபோது, அவற்றுக்குத் தேவையான நிலப்பகுதி கரையிலிருந்து 159 முதல் 290 மீட்டர்வரை வந்தது. ஓடைக்கு இருபுறமும் பத்து மீட்டர் மரவரிசை விட்டால் போதும் என்பது தண்ணீருக்குப் போதும், தவளைக்குப் போதாது. அதனால் இந்த மழைக்காலத்துக்குக் குளத்தைத் தள்ளிவையுங்கள். ஏற்கெனவே சுத்தம் செய்த பகுதியில் பாதியில் கட்டையும் சருகும் திரும்பட்டும், மற்ற பாதி இப்போது இருப்பதுபோலவே கிடக்கட்டும். இரண்டு பாதியிலும் அகர் பொம்மையின் எடையையும் இரவுக் கணக்கையும் மூன்று பருவம் எழுதுங்கள். குட்டித் தவளையாகப் பிறக்கும் சிறு இனங்கள் பல ஓரிரு ஆண்டில் இனப்பெருக்க வயதை எட்டுவதால், வேறுபாடு இருந்தால் அதற்குள் தெரியத் தொடங்க வேண்டும். மூன்று பருவத்திலும் தரை ஈரமாகியும் குரல் திரும்பவில்லை என்றால், என் விளக்கம் உங்கள் காட்டுக்குப் பொருந்தவில்லை, தேட வேண்டிய காரணம் வேறு.